பி பக்கத்து முதல் பாட்டு

விடுதி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று நம் முன்னாள் மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். மெஸ் சாப்பாட்டைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். வார்டனைப் பற்றி எழுதினால் அவர் பேத்தி படித்துவிடுவாள், அவளும் நம் சங்கத்தில்தான் இருக்கிறாள். அதனால் நான் சண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

1990 முதல் 1993 வரை காரைக்குடியில் நாங்கள் இருந்த விடுதியில் அடிதடி கிடையாது, அரசியல்கூட அதிகம் இல்லை. சண்டையெல்லாம் பாட்டுக்கும் படத்துக்கும்தான். பெயர் சொல்லி யாரையும் மாட்டிவிடப் போவதில்லை. அப்போதும் நாங்கள் ஊரைச் சொல்லித்தானே கூப்பிட்டுக்கொண்டோம்! அரிசி ஆலைத் தவிட்டு வாசனையோடு வந்த நான் புதுவயலான். எம்.எஸ்.விக்குப் பிறகு பாட்டே இல்லை என்பவன் தேவகோட்டையான். இளையராஜாவைத் தவிர யாரையும் காதில் விடாதவன் தொண்டியான். அரியக்குடியான் நிரந்தர எதிர்க்கட்சி. யார் எதைச் சொன்னாலும் எதிரே நிற்பான். நான் ராஜா அணி, ஆனால் தொண்டியான் அளவுக்கு வெறி இல்லை.

எங்கள் அறையில் ஒரே ஒரு டூ-இன்-ஒன் இருந்தது, ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில். மோனோ, ஒற்றை ஸ்பீக்கர். பேசுகிறவன் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அறையின் சட்டம். 'அந்தப் பாட்டு மாதிரி வருமா' என்று வெறும் வாயில் சொல்ல முடியாது. கேசட்டைத் தேடி, இடத்தைத் தேடி, ஓடவிட்டு, 'இதோ, இந்த இடம்' என்று விரலைத் தூக்க வேண்டும். பாதிச் சண்டை இதிலேயே நின்றுவிடும், தேடி எடுப்பதற்குள் மெஸ் மணி அடித்துவிடுவதால்.

தொண்டியானுக்கு மட்டும் சட்டம் பிரச்சினை இல்லை, டேப் ரிக்கார்டர்தான் பிரச்சினை. "வயலின் கூட்டத்துக்குக் கீழ பேஸ் கிடார் தனியா ஒரு மெட்டு போகுதுடா, கேளு" என்பான். நாங்கள் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்ப்போம். வயலின் வரும், தபேலா வரும், கீழே ஒன்றும் வராது. "ஒண்ணும் கேக்கலையே மாப்ள" என்றால், "உனக்கெல்லாம் எதுக்குடா காது" என்று கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்.

மாதம் ஒரு கேசட் பொதுப் பணத்தில் பதிவு செய்வோம். இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும்: அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. பட்டியலை எழுதி, வெற்று கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் கிடைக்கும். பக்கத்தின் முடிவில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ மிச்சம் விழும். அதில் கடைக்கார அண்ணன் தன் விருப்பத்துக்கு ஏதாவது பின்னணி இசைத் துண்டைப் போட்டு நிரப்பிவிடுவார். எங்கள் பட்டியலை விட அவர் நிரப்பியது நன்றாக இருந்த மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

பட்டியல் போடும் இரவுதான் பெரிய சண்டை. தேவகோட்டையானுக்கு இரண்டு, தொண்டியானுக்கு மூன்று என்று தொகுதிப் பங்கீடு போல நடக்கும். அதைக் கலைத்தவன் அரியக்குடியான். அவன் ஊர்க்காரர் கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890-ல் பிறந்து 1967-ல் மறைந்தவர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், பிறகு விஸ்தாரமான ஒரு ராகம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனும் சின்னப் பாட்டுகள் என்று இன்றைக்கும் கச்சேரிகள் நடக்கும் வரிசை அவர் நிலைநிறுத்தியதுதான் என்பார்கள். நம்மவனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தாத்தா சொல்லிச் சொல்லி இது மட்டும் மனப்பாடம். ஒரு நாள் எழுந்து நின்று, "யார் பெரியவன்னு அப்புறம் பாருங்கடா. எதுக்குப் பின்னாடி எது வரணும்னு முதல்ல பேசுங்க. எங்க ஊர்க்காரர் ஒரு மேடைக்குச் செஞ்சதை நீங்க ஒரு கேசட்டுக்குக்கூடச் செய்ய மாட்டீங்களா?" என்றான்.

அதோடு சண்டையின் போக்கே மாறியது. சோகப் பாட்டுக்குப் பின்னால் உடனே குத்துப் பாட்டு வரலாமா? இரண்டு ஜானகி பாட்டு அடுத்தடுத்து வந்தால் முதல் பாட்டின் மதிப்பு குறையுமா? ஏ பக்கத்தைத் தொடங்குவது சுலபம், எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள். பி பக்கம் அப்படி இல்லை. கேசட்டைத் திருப்பும் நேரத்தில் ஒருவன் எழுந்து போவான், ஒருவன் பேச்சை ஆரம்பிப்பான். போனவனைத் திரும்பி வரவழைக்கும் பாட்டு அங்கே வேண்டும். அந்த ஓர் இடத்துக்காக விடிய விடியப் பேசியிருக்கிறோம். ஆச்சரியம் என்னவென்றால், எம்.எஸ்.வியின் பாட்டு ஒன்றை அந்த இடத்தில் வைக்கச் சொல்லி ஒருமுறை வாதாடியவன் தொண்டியான்.

சிலரை நாங்கள் நடுவராக அழைத்ததும் உண்டு. தேவகோட்டையான் வீட்டுக்கு ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது அவன் அப்பத்தாவிடம் வழக்கைக் கொண்டுபோனோம். பர்மாவில் குடும்பம் வட்டிக்கடை வைத்திருந்த காலத்து கிராமபோன் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஆச்சி எங்கள் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, "பாட்டு யார் எழுதுனது?" என்று மட்டும் கேட்டார். கண்ணதாசன் என்றதும், "சிறுகூடற்பட்டிப் பிள்ளை. அப்புறம் என்ன?" என்று உள்ளே போய்விட்டார். தீர்ப்பு தனக்குத்தான் என்று தேவகோட்டையான் குதித்தான். தொண்டியான் விடவில்லை. இளையராஜாவை 1976-ல் அறிமுகம் செய்த பஞ்சு அருணாசலமும் சிறுகூடற்பட்டிதான், கண்ணதாசனுக்கு அண்ணன் மகன், அப்படிப் பார்த்தால் தீர்ப்பு எனக்கும்தான் என்றான். செட்டிநாட்டில் சினிமாச் சண்டை போடுவதில் உள்ள சிக்கலே இது. எந்தப் பக்கம் போனாலும் நம் ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பார்.

மெஸ்ஸில் காய் நறுக்கிய பெரியவர் இன்னொரு நடுவர். ஏவி.எம். செட்டியார் கோடம்பாக்கம் போவதற்கு முன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்தார் அல்லவா? 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். சிறுவனாக வேலிக்கு வெளியே நின்று படப்பிடிப்பு பார்த்தவர் இந்தப் பெரியவர். எங்கள் சண்டை அவருக்குச் சண்டையாகவே தெரியாது. அவர் வழக்கு வேறு: பின்னணி பாடுவதே மோசடி. 1945-ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் கதாநாயகி ருக்மிணியின் குரல் செட்டியாருக்குப் பிடிக்காமல், பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்துச் சேர்த்தார்கள். "ஆள் ஒருத்தி, தொண்டை ஒருத்தி. இதுல இசையமைப்பாளர் யாரா இருந்தா என்ன தம்பி?" என்பார். இதற்கு எங்களில் யாரிடமும் பதில் இருந்ததில்லை.

தமிழையா ஒருவர் மட்டும் எங்கள் சண்டையை மதித்தார். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-ல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டியதையும், மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு எவ்வளவு இடம் என்று சென்னை வித்வான்களுக்குள்ளும் ரசிகர்களுக்குள்ளும் நடந்த பெரும் சச்சரவையும், கல்கி அதில் எழுதித் தள்ளியதையும் அவர் சொல்லித்தான் கேட்டோம். துக்கடாவாகக் கடைசியில் தள்ளப்பட்ட தமிழ்ப் பாட்டை நடுமேடைக்குக் கொண்டுவரக் கேட்டதுதான் அந்தச் சண்டை என்றார். அரியக்குடியான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எதுக்குப் பின்னாடி எது என்பதுதானே அங்கேயும் வழக்கு!

படச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் எங்களுக்குச் சொந்த அறிவு குறைவு, ஆனந்த விகடன் விமர்சனத்தில் போட்ட மார்க்கைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினோம். பல்கலைக்கழகத் தேர்வை விடக் கறாரான மார்க் அது. '16 வயதினிலே' படத்துக்குக் கொடுத்த 62.5-ஐத் தாண்டி எதற்கும் கொடுத்ததில்லை. நாற்பதைத் தாண்டினாலே டிக்கெட் எடுப்போம். அந்த 62.5-ஐப் பற்றி அரியக்குடியான் கேட்ட கேள்வி மட்டும் நினைவிருக்கிறது: "மீதி 37.5 எங்கடா போச்சு? அதைச் சொல்றவன்தான் விமர்சகன்."

1992 ஆகஸ்ட் 15-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ரோஜா' வந்தது. நாங்கள் அதை முதலில் கேட்டது படத்தில் இல்லை, ரெக்கார்டிங் கடையில். அண்ணன் புதிதாக இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வாசலைப் பார்த்து வைத்திருந்தார். சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒவ்வொரு வாத்தியமும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி தனித்தனியாகக் கேட்டது. கீழ்ச் சுருதி நெஞ்சில் வந்து மோதியது. விடுதியில் பாதிப் பேர் அன்றே கட்சி மாறிவிட்டார்கள். தொண்டியான் மட்டும் சொன்னான்: "இந்த ஸ்பீக்கர்ல போட்டா லாரி ஹாரன்கூட நல்லாத்தான்டா இருக்கும்."

பொறாமை என்றுதான் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேசட்டை அறைக்குக் கொண்டுவந்து எங்கள் மோனோவில் போட்டபோது அவன் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. மெட்டு வந்தது, மற்றதெல்லாம் கடையிலேயே தங்கிவிட்டது. அப்போது எம்.எஸ்.வி கட்சிக்காரனான தேவகோட்டையான் நியாயமாக ஒன்று கேட்டான். "ரெண்டு பேரையும் ஒரே ஸ்பீக்கர்ல போடுங்க. அதுதான் பரீட்சை."

மறுநாள் தொண்டியானின் கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அண்ணன் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போட்டார். இரண்டு ஆண்டாக அவன் விரலைத் தூக்கிக் காட்டிய இடம் வந்தது. வயலின்களுக்குக் கீழே பேஸ் கிடார் தன் பாட்டுக்கு ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போனது, பாடகரைச் சட்டை செய்யாமல். "இது இத்தனை நாளா எங்கடா இருந்தது?" என்றான் அரியக்குடியான். தொண்டியான் பதில் சொல்லவில்லை. அண்ணனிடம் திருப்பிப் போடச் சொன்னான், அவ்வளவுதான்.

ராஜாவா ரஹ்மானா என்று முப்பது ஆண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் கணக்கில் ரஹ்மானால் எங்கள் விடுதிக்குக் கிடைத்த முதல் லாபம் இளையராஜாவின் பேஸ் கிடார். நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்ற ஆசையை அவர்தானே கிளப்பிவிட்டார்! இதை இரு கட்சிக்காரர்களிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இருவருமே ஏற்பதில்லை.

அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளும் சண்டையை முடிக்க உதவவில்லை. இசைக்கான விருது முதல் படத்திலேயே ரஹ்மானுக்கு. பாடலாசிரியர் விருது அதே படத்துக்காக வைரமுத்துவுக்கு. ஆனால் பாடகி விருது இளையராஜா இசையில் 'தேவர் மகன்' படத்தில் பாடிய ஜானகிக்கு. தமிழின் சிறந்த படமும் அதுவே. ஆளுக்கு ஒரு கையில் ஆயுதம் கொடுத்த மாதிரி ஆயிற்று. கடைசித் தேர்வுக்கு முந்தின இரவு வரை பேசினோம்.

இங்கே சிங்கப்பூரில் ரயிலில் எல்லார் காதிலும் பாட்டு இருக்கிறது, யார் என்ன கேட்கிறார்கள் என்று தெரிவதில்லை. என் மகன் காதில் மாட்டியிருக்கும் சின்னப் பொருளில் அந்த பேஸ் கிடார் துல்லியமாகக் கேட்கிறது. முழுப் பாட்டையும் கேட்டு முடிப்பதற்குள் அவன் அடுத்ததற்குத் தாவிவிடுகிறான். அடுத்தது எது என்பதையும் போனே முடிவு செய்கிறது. அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறான், எனக்கு அதுதான் தாங்கவில்லை. தொண்டியான் இப்போது மஸ்கட்டில். மாதம் ஒருமுறை பேசுவான், ஒரு பாட்டின் நடு இடத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

சரி, குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஒன்றுகூடலின் நிகழ்ச்சி நிரல் வந்தது. மெல்லிசை இருக்கிறது, சந்தோஷம். ஆனால் இடைவேளை முடிந்ததும் முதல் நிகழ்ச்சியாகப் பொருளாளர் அறிக்கை என்று போட்டிருக்கிறீர்கள். பொருளாளர் எனக்கு வேண்டியவர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார். அறிக்கையை இடைவேளைக்கு முன் கடைசியில் வையுங்கள். இடைவேளை முடிந்ததும் வரும் இடத்துக்கு ஒரு பாட்டு வேண்டும். எந்தப் பாட்டு என்று பேச, அரியக்குடியானையும் என்னையும் அன்று ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.