பாஸ்கலின் எனூமரேட்டட் டைப்

பாஸ்கல் என்ற புரோகிராமிங் மொழியில் எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம் எனூமரேட்டட் டைப், அதாவது ஒரு வேரியபிள் எடுக்கக்கூடிய மதிப்புகளைப் பெயர்களாகவே பட்டியலிடும் வகை. 1970-இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட மொழி பாஸ்கல். சி மொழிக்கு இதே போன்ற வசதி எனம் என்ற பெயரில் பிறகுதான் வந்தது.

சிக்னலுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடைப்புக்குறிக்குள் பெயர்களை வரிசையாக எழுதினால் போதும், புது டைப் தயார். வரிசை எண்ணைத் தரும் ஆர்ட் ஃபங்ஷனைப் போட்டால் சிவப்புக்கு 0, பச்சைக்கு 2. ஆனால் அந்த வேரியபிளில் நேரடியாக 2 என்று போட்டுப் பாருங்கள், புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலர் விடவே விடாது. சி-யில் அது சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

மதிப்புகளை வரிசையாக வைக்கும் அர்ரேக்கு இந்தப் பெயர்களையே இன்டெக்ஸாகவும் வைக்கலாம். செட், அதாவது மதிப்புகளின் தொகுப்பு, இன்னும் அருமை: நிறம் இந்த இரண்டில் ஒன்றா என்பதை "நிறம் இன் [சிவப்பு, மஞ்சள்]" என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம், கண்டிஷன்களை அடுக்க வேண்டாம்.

இவ்வளவு நல்ல வசதியை விர்த்தே பின்னாளில் தான் உருவாக்கிய ஓபரான் மொழியில் எடுத்துவிட்டார். அந்த ஒரு முடிவில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை.