வெறும் வாளியின் எடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் நிறுக்கும் கொட்டகையில் அம்மாவின் பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான். தராசில் பாலை ஏற்றுவதற்கு முன், “வெறும் வாளிய ஒரு தடவ நிறுத்துக் காட்டுங்க ஐயா” என்று அவர் கிராணியிடம் தவறாமல் கேட்பார். அதே ஊரில், அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, ஜப்பானின் சுகுபாவில் நடைபெறும் பெல் 2 என்ற துகள் இயற்பியல் ஆய்வின் தரவுகளை இன்று அலசுகிறேன்.

அங்கே 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களும், நிறை ஒன்றாய் மின்னூட்டம் நேர்மாறாய் உள்ள அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் மோதும்போது, பி மேசான் என்ற துகளும் அதன் எதிர்த்துகளான எதிர் பி மேசானும் இணையாகப் பிறக்கின்றன. பொருளும், எதிர்த்துகள்களால் ஆன எதிர்ப்பொருளும் எல்லாவற்றிலும் ஒத்திருந்தால், தொடக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்து ஒளியாகியிருக்கும். 1964இல் இயற்பியலாளர்கள் குரோனினும் ஃபிட்சும் கேயான் என்ற துகள்களில் முதல் வேறுபாட்டைக் கண்டனர். ஆனால் இதுவரை கண்டவை அனைத்தும் சேர்ந்தும் இந்தப் பிரபஞ்சம் எஞ்சியதை விளக்கப் போதவில்லை. அதனால்தான் இந்தத் தேடல் எனக்கு வெறும் வேலையாக இல்லை.

நடுநிலை பி மேசான் நேர்மின் கேயானும் எதிர்மின் பையான் என்ற இன்னொரு துகளுமாகச் சிதைவது, அதன் எதிர்த்துகள் எதிர்மின் கேயானாகவும் நேர்மின் பையானாகவும் சிதைவதைவிட மிகுதி. இரண்டின் கூட்டுத்தொகையில் வேறுபாடு ஏறத்தாழ 8 விழுக்காடு. முதலாண்டில் பயிற்சிக்காக இதை அளந்தபோது எனக்கு அதைவிட மிகுதியாக வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் என் மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்து, “உணர்கருவி எதனால் ஆனதும்மா?” என்று மட்டும் கேட்டார்.

பொருளால் ஆனது, எதிர்ப்பொருளால் ஆன உணர்கருவி எங்கும் இல்லை. எதிர்மின் கேயான், நேர்மின் கேயானைவிட எளிதாக அணுக்கருக்களோடு வினைபுரிந்து வழியிலேயே மறைந்துவிடுகிறது. ஆகவே, இயற்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதே பக்கம் என் தராசும் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை அறிய, வேறுபாடு புறக்கணிக்கத்தக்க அளவே இருக்கும் டி மேசான் என்ற வேறொரு துகளின் சிதைவுகளில் இருவகைக் கேயான்களையும் எண்ணி, கருவியின் பங்கைக் கழிக்கிறோம்.

இப்போதைய அளவீட்டின் விடையைக் கணினியில் மறைத்தே வைத்திருக்கிறோம். விருப்பம் எண்ணை வளைத்துவிடக்கூடாது என்பதற்காக, எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகே திறப்போம். நான்கு மாதமாக டி மேசான்களையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். “இன்னும் பால நிறுக்கலையா?” என்கிறார் அம்மா. இல்லை, வாளியைத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.