டேங்க் ரோட்டை விட்டுப் போன ரயில்

தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேரும் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் ஒரு காலத்தில் ரயில் நிலையம் இருந்தது. நம்மில் பலருக்கு இது தெரியாது. தெண்டாயுதபாணி கோயில் 1859 முதல் அங்கே இருக்கிறது; ரயில் வந்தது 1903 ஜனவரி 1 அன்று. முதலில் புக்கிட் தீமா வரை, சில மாதங்களில் உட்லண்ட்ஸ் வரை. அங்கே இறங்கிப் படகு பிடித்துத்தான் அக்கரையிலுள்ள ஜொகூர் போக வேண்டும். 1923இல் நீரிணையின் குறுக்கே தரைப்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் படகு வேலை ஒழிந்தது.

ரயில் நேரே வர ஆரம்பித்ததும்தான் சிக்கலும் வந்தது. பழைய பாதை நியூட்டன் வழியாக நகரத்துக்குள் புகுந்தது. வழியில் சாலைகள் குறுக்கிட்ட பல இடங்களில் ரயில்வே கேட். கேட் மூடினால் ரிக்‌ஷா, மாட்டு வண்டி, மோட்டார் கார் எல்லாம் நிற்க வேண்டியதுதான். டேங்க் ரோடு நிலையமோ துறைமுகத்திலிருந்து தள்ளி இருந்தது. கப்பலில் வந்திறங்கி கோலாலம்பூர் போகிறவர் மூட்டை முடிச்சோடு ஊரைக் கடந்து வர வேண்டும். ஆகவே எஃப்.எம்.எஸ்.ஆர் எனப்பட்ட மலாய் மாநில ரயில்வே, புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பாதையையே மாற்றிப் போட்டது. நகரத்தை விட்டு விலகி, மேற்கே காடும் தோட்டமுமாகக் கிடந்த உள்பகுதி வழியாக, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாருக்கு. 1932 மே மாதம் புது நிலையம் திறக்கப்பட்டது. டேங்க் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நின்றது.

அந்த 1932 பாதையில் இன்று பெரும்பாலும் தண்டவாளம் இல்லை. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை போகும் 24 கிலோமீட்டர் நீளப் பசுமை வழியின் தெற்குப் பகுதியாக இருக்கிறது. அந்தப் பகுதியை நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால், சாலைக்கு மேலே அந்தப் பெரிய இரும்புப் பாலம் தெரியும். பாலத்தில் தண்டவாளத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, அதாவது மீட்டர் கேஜ். நம்ம ஊர்ப் பக்கம் பழைய ரயிலில் போனவர்களுக்குப் பார்த்ததும் பழகினதாகத் தெரியும். கீழே புக்கிட் தீமா ரோட்டில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, எதுவும் நிற்கவில்லை. பாதையை மாற்றியதன் பலனை இங்கே நின்றால் கண்ணால் பார்க்கலாம். பாதையை நகர்த்தியவர்கள் கேட்டுகளையும் சேர்த்து நகர்த்தவில்லை. பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்தினார்கள், மேட்டை வெட்டித் தாழ்த்தினார்கள், சாலை வந்தால் பாலம் போட்டார்கள். அதனால்தான் பக்கத்துத் தெருக்கள் ஏறி இறங்கினாலும் இந்த வழியில் கால் நோவதில்லை.

பாலத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா நிலையம். செங்கல் கட்டடம், சின்னதுதான். புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்ட இடம் இது. டோக்கன் முறை இங்கே கடைசி நாள் வரை இருந்தது. ஒரு வளையத்தில் தோல் பை, பைக்குள் உலோக டோக்கன். அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். ஓடும் எஞ்சினிலிருந்து ஒரு வளையத்தைப் போட்டுவிட்டு, நடைமேடையில் நிற்பவர் நீட்டும் இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். சிங்கப்பூரில் 2011 வரை இப்படி நடந்தது என்று என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அப்புறம் காடு. ஹாலந்து ரோடு வரை குருவிச் சத்தமும் சைக்கிள் மணியும்தான். புவன விஸ்தாவில் உயர்ந்த கட்டடங்கள் வந்துவிடும், வெயிலும் வந்துவிடும்.

தங்லின் ஹால்ட் பக்கம் பாதையை விட்டு விலகி, காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். 1932இல், இதே பாதை திறந்த ஆண்டில், குவீன்ஸ்வே பகுதியில் தண்டவாளத்தின் ஓரமாக ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்து வணங்கிய முனீஸ்வரன் இவர். கோயில் பிற்பாடுதான் இந்த இடத்துக்கு வந்தது. ரயில் டேங்க் ரோட்டு முருகனிடமிருந்து விலகிப் போனது, போன இடத்தில் நம் ஆட்கள் ஒரு முனீஸ்வரனை நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்கப்பா லைன்ல வேலை பார்த்தாரு தம்பி. ரயில் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கு மணி தெரியும்" என்றார். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லி தள்ளி இறுக்கிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். வழியெங்கும் தகவல் பலகைகள் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம் என்பது என் எண்ணம்.

கடைசியில் தஞ்சோங் பகார். முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு வெள்ளைச் சிலைகள். எஃப்.எம்.எஸ்.ஆர் எழுத்துகளும் அப்படியே. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாளிலிருந்து எல்லாம் உட்லண்ட்ஸோடு சரி.

எல்லைப் பிரச்சினை தீர வேண்டியிருந்தது, அது உண்மை. 1998க்குப் பிறகு சிங்கப்பூர்க் குடிநுழைவுச் சோதனை உட்லண்ட்ஸில், மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரில் என்று இருந்த குழப்பம் தொடர்ந்திருக்க முடியாது. ஆனாலும் பயணி பக்கம் நின்று பார்த்தால், 1932 மாற்றம் அவருக்காகச் செய்யப்பட்டது. கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த அலைச்சலை அது குறைத்தது. 2011 மாற்றம் அலைச்சலைக் கூட்டியது. ஊர்க் கோடியில் இறங்கி, இன்னொரு வண்டி பிடித்துத்தான் நகரத்துக்கு வர வேண்டியிருந்தது. ஜொகூரின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு வரும் ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் ரயில் பாதையில் எனக்கு நம்பிக்கை இருப்பது இதனால்தான். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். இறங்கும் இடத்திலேயே தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி நிற்கிறது.

நடக்க நினைப்பவர்கள் காலை ஏழு மணிக்கே கிங் ஆல்பர்ட் பார்க்கில் தொடங்கிவிடுங்கள். புவன விஸ்தாவுக்குத் தெற்கே நிழல் குறைவு. மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறு இருக்கும், பழைய செருப்பே போதும். முனீஸ்வரன் கோயிலுக்கும் போவதாக இருந்தால் நடை சாத்தும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.