குட்டி யானையில் இருங்காட்டுக்கோட்டைக்கு: டிராக் டேவுக்கு பைக் ஏற்றிப்போன அனுபவம்

திருச்சியிலிருந்து, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் (இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்) அங்கேதான் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். டிராக் டே என்றால் நம் சொந்த பைக்கையே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். பைக்கை ஓட்டிக்கொண்டே போய், டிராக்கில் ஓட்டி, அதிலேயே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. நானும் நண்பனும் பைக்குகளை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதற்குக் காரணம் ஒன்றுதான்: டிராக்கில் விழுந்தால் அந்த பைக்கில் வீடு திரும்ப முடியாது. ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு லோடு வண்டி தேடுவதைவிட, போகும்போதே வண்டியோடு போவது மேல்.

ரயில் பார்சலையும் யோசித்தோம். பெட்ரோலை முழுக்க இறக்கி, சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கொடுக்க வேண்டும். சென்னையில் இறக்கி, அங்கிருந்து டிராக்குக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். ஃபேரிங், அதாவது முன்னாலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் உறை உள்ள பைக்கை அத்தனை கை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. எனவே டாடா ஏஸ், நம் ஊர்ப் பேச்சில் குட்டி யானை. போக வர வாடகை, டிரைவர் பேட்டா, டோல், அங்கே நாள் முழுக்க நிற்பதற்கான வெயிட்டிங் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே பேசி முடித்துக்கொண்டோம்.

என்னுடையது அப்பாச்சி ஆர்.ஆர். 310, நண்பனுடையது கேடிஎம் ஆர்.சி. 390. இரண்டுமே 170 கிலோவைத் தாண்டும். ஏஸின் தளம் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். இரண்டையும் ஒரே திசையில் நிறுத்தினால் ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் முட்டும். அதனால் ஒன்று கேபினைப் பார்த்து, இன்னொன்று பின்கதவைப் பார்த்து. கண்ணாடிகளை முன்பே கழற்றிவிட்டோம், டிராக்கிலும் எப்படியும் கழற்றத்தான் வேண்டும்.

ஏற்றுவதற்குப் பலகை. அதன் மேல்முனையை வண்டியோடு கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரம் தளத்தில் ஏறி, பின்சக்கரம் பலகையில் இருக்கும் நேரத்தில் பலகை பின்னால் வழுக்கும். ஒருவர் இடப்பக்கம் ஹேண்டிலைப் பிடித்து பிரேக்கில் விரல் வைத்திருக்க, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினால் போதும். இன்ஜினைப் போட்டு ஏற்றும் வீரமெல்லாம் வேண்டாம்.

கட்டுவதில்தான் டிரைவர் அண்ணனோடு நீண்ட பேச்சு. "சைடு ஸ்டாண்டு போட்டு நைலான் கயித்துல ரெண்டு சுத்து சுத்தினா அசையாது தம்பி" என்றார். பல வருடமாக லோடு ஏற்றுகிறவர், அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் கயிறு போகப் போக இழுபடும், முடிச்சு தளரும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பைக்கைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் அந்தப் பாரமெல்லாம் ஒற்றைக் கம்பியில் இறங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதுதான் அடி வாங்கும். "அண்ணே, இதை நிமிர்த்தி நிறுத்தியே கட்டுவோம்" என்று, நெம்புகோலை அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட்டுகளை எடுத்தேன்.

கேபினைப் பார்த்து நிற்கும் பைக்கில், முதலில் முன்சக்கரம் கேபின் பக்கத் தகட்டை முட்டி நிற்க வேண்டும். சக்கரத்தின் இருபுறமும் கட்டை வைத்தோம். பெல்ட்டை ஹேண்டில்பாரில் மாட்டக்கூடாது. இந்த மாதிரி பைக்குகளில் இருப்பது கிளிப்-ஆன், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் தனித்தனி ஹேண்டில். அது ஃபோர்க் குழாயை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும், ஓங்கி இழுத்தால் திரும்பிவிடும். ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்குகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறதே, அதில் மெத்தென்ற துணி வளையத்தைச் சுற்றி, பெல்ட் கொக்கியை வளையத்தில் மாட்டினோம். அங்கிருந்து இருபுறமும் முன்னோக்கி, கீழ்நோக்கி, சாய்வாக. பெல்ட் ஃபேரிங்கை எங்கும் உரசக்கூடாது. 300 கிலோமீட்டர் உரசினால் பெயின்ட் போய் பிளாஸ்டிக் தெரியும்.

பிறகு இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினோம். முன் ஃபோர்க் பாதி வரை அமுங்கினால் போதும். அமுங்கிய ஸ்பிரிங் மேல்நோக்கித் தள்ள, பெல்ட் கீழ்நோக்கி இழுக்க, பைக் தானாகவே விறைப்பாக நிற்கும். முழுக்க அமுக்கிவிட்டால் பள்ளத்தில் இறங்க ஃபோர்க்குக்கு இடமே இருக்காது, ஆயில் சீலுக்கும் நல்லதல்ல. பின்பக்க பெல்ட்டுகளின் வேலை வேறு. பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் பிடித்தால் போதும், அவ்வளவு இறுக்கம் தேவையில்லை.

ஏஸில் கொக்கிகள் பக்கத் தகட்டுக்கு வெளியே இருக்கின்றன. பெல்ட் தகட்டின் விளிம்பைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த விளிம்பு பெல்ட்டை அறுக்கும். பழைய டியூபை வெட்டி ஒவ்வொரு இடத்திலும் மடித்து வைத்தோம். கடைசியில் அண்ணன் பைக்கைப் பிடித்து ஆட்டினார். பைக்கோடு வண்டியும் ஆடியது. "சரி தம்பி, கிளம்பலாம்" என்றார்.

சமயபுரம் டோல் தாண்டியதும் நிறுத்திப் பார்த்தோம். ஒரு பெல்ட் தளர்ந்திருந்தது. முதல் அரை மணி நேரத்தில் எல்லாமே கொஞ்சம் தளரும், அங்கே இறுக்கினால் அப்புறம் பெரும்பாலும் நிற்கும். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கும்போது இன்னொரு முறை பார்த்தோம். செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி, ஒரகடம் வழியாகப் போனால் சென்னை நெரிசலுக்குள் போகவே வேண்டாம்.

பைக்குகளின் பதிவுச் சான்று (ஆர்.சி.), இன்சூரன்ஸ் நகல்கள் கையில் இருக்கட்டும், இரவில் இரண்டு பைக்கோடு போகும் லோடு வண்டியை போலீஸ் கேட்பது நியாயம்தான். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால், சாலை வழியாக ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். பந்தயம், வேகச் சோதனை போன்றவை அடங்காது. பாலிசியில் அச்சிட்டே இருக்கிறது, கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

டிராக்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது ஒரு பத்தியில் அடங்காது. மதியத்துக்கு மேல் நண்பன் ஒரு வளைவில் விழுந்தான். லெதர் சூட் புண்ணியத்தில் அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பைக்கில் இடது கிளிப்-ஆன் ஒடிந்தது, ஃபுட்ரெஸ்ட் போய்விட்டது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சொட்டியது. தள்ளும்போது பிடிக்கக் கைப்பிடி ஒன்றுதான். ஆனாலும் கீழ் கிளாம்பிலிருந்து கட்டியதால், போகும்போது கட்டிய அதே கட்டு அப்படியே பொருந்தியது. அடியில் சாக்கு விரித்து, கூலன்ட் தளத்தில் பரவாமல் பார்த்துக்கொண்டோம். ஈரத் தளத்தில் டயர் நகரும், இறக்குகிறவர் காலும் வழுக்கும்.

இறக்கும்போது எல்லா பெல்ட்டையும் ஒரேயடியாக விடுவிக்காதீர்கள். அமுங்கிய ஃபோர்க் சட்டென்று எழும்பும். ஒருவர் பைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக. நண்பனின் பைக்கை நேராக மெக்கானிக் கடையிலேயே இறக்கினோம். டிரைவர் அண்ணன் தளத்தின் உள்பக்கம் நான்கு வளையங்கள் வெல்டிங் செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்துவிட்டால் டியூப் துண்டுகளுக்கு வேலை இருக்காது.