மூன்று விரல் தட்டல் ஒருவழியாகப் பிடிபட்டது

லினக்ஸில் டச்பேடை மூன்று விரலால் தட்டினால் மவுஸின் நடு பட்டன் வர வேண்டும். எனக்கு ஐந்து தட்டுக்கு இரண்டு தடவை வலது பட்டன் மெனு விரிந்து நின்றது. இரண்டு வாரமாக இழுத்தடித்த இந்தத் தொல்லை நேற்று இரவு தீர்ந்தது.

முதல் சந்தேகம் பஸ் மேல், அதாவது டச்பேடும் கணினியும் பேசிக்கொள்ளும் பாதை மேல். இந்த டச்பேட் வேறு பஸ்ஸிலும் பேசும் என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பூட் லாக்கிலேயே சொல்லியிருந்தது. பிஎஸ்/2 என்ற பழைய பஸ் வழியில் இரண்டு விரலின் இடம்தான் வரும். மூன்றாவது விரல் வெறும் எண்ணிக்கை. பிஎஸ்மவுஸ் என்ற டிரைவர் மாட்யூலைக் கழற்றி, அந்த வேறு பஸ்ஸுக்கு மாற்றும் சினாப்டிக்ஸ் இன்டர்டச் அமைப்பை 1 என்று வைத்து மறுபடி ஏற்றினேன். ஐந்து ஸ்லாட், அதாவது ஐந்து விரலின் இடம் தனித்தனியாகக் கிடைத்தது. ஸ்க்ரோல்கூட மெருகேறியது. தட்டல் மட்டும் அப்படியே.

சரி என்று டச்பேட் உள்ளீட்டைக் கையாளும் லிப்இன்புட் நிரலின் ரெக்கார்டு கருவியை ஓடவிட்டு இருபது முறை தட்டினேன். தவறிய தட்டு எல்லாவற்றிலும் ஒரே கதை: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் 45, 50 என்று அழுத்தம் காட்ட, மோதிர விரல் 19, 24, 27 என்று ஏறி, அப்படியே இறங்கி, டிராக்கிங் ஐடி -1 (விரல் எடுக்கப்பட்டது என்ற குறி) ஆகிவிடுகிறது. விரல் பேடைத் தொட்டது உண்மை. ஆனால் க்விர்க் (குறிப்பிட்ட சாதனத்துக்கான தனி அமைப்பு) எதுவும் இல்லாவிட்டால் அழுத்த வரம்பில் சுமார் 12 சதவீதம் ஏறினால்தான் லிப்இன்புட் அதைத் தொடுதலாக எடுக்கும். 0 முதல் 255 வரை உள்ள பேடில் அது 30. மோதிர விரல் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. மிச்சம் இரண்டு விரல், அதனால் வலது பட்டன்.

லோக்கல் ஓவர்ரைட்ஸ் என்ற க்விர்க் கோப்பில் பிரஷர் ரேஞ்சை 10:8 என்று எழுதினேன்: அழுத்தம் 10-ஐ எட்டினால் தொடுதல், 8-க்குக் கீழே போனால் விரல் எடுத்தாயிற்று. தட்டல் எல்லாம் விழுந்தது, ஆனால் பேடுக்கு மேலே சும்மா நிற்கும் விரலுக்கும் கர்சர் துள்ளியது. 14:11, 16:13 என்று ஏற்றிப் பார்த்து 18:14-இல் நிறுத்தினேன். இருபதுக்கு இருபது!

இதில் ஒரு முழு மாலையைத் தின்றது வேறொன்று. க்விர்க் கோப்பை லிப்இன்புட் தொடங்கும்போது மட்டும்தான் படிக்கும். டீபக் ஈவன்ட்ஸ் என்ற சோதனைக் கருவி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால் அதில் மாற்றம் உடனே தெரியும். டெஸ்க்டாப்பில் லாக்அவுட் செய்து வரும்வரை பழைய எண்தான். டீபக் ஈவன்ட்ஸில் தட்டலை இயக்கும் ஆப்ஷனையும் கூடவே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தட்டல் நிகழ்வு எதுவும் வராது.

அப்புறம், லிப்இன்புட் 1.28 பதிப்பில் வந்த மூன்று விரல் இழுவையைப் போட்டுப் பார்க்க ஆசை. அதற்கு முன்னால் கட்டைவிரல் வரம்பை அளக்க வேண்டும். ஓரத்தில் ஓய்வாகக் கிடக்கும் கட்டைவிரலை இன்னும் சில சமயம் நான்காவது விரலாக எண்ணுகிறது. அந்த ரெக்கார்டு பாதியில் இருக்கிறது.