கொன்றையடியில் அம்மா

அப்பா போன அன்றைக்கே எங்கள் வீட்டு மாமரமும் போயிற்று. தெற்கு முற்றத்தில் நின்ற மரம். அப்பாவின் சிதைக்கு அதைத்தான் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படிச் செய்வதுண்டு. தன் மண்ணில் நின்ற மரத்தோடு சேர்ந்து போவது பாக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாக்கியம்தான். ஆனால் பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பார்த்தால், வெயில் நேராக அடுக்களை வரைக்கும் வந்து விழுந்தது. அம்மா அந்த வெயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராத்திரி தூக்கம் கிடையாது. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் இரண்டு மணி நேரம் கண் மூடுவாள், அப்புறம் விடியும் வரை திண்ணைதான்.

ஆண்டுத் திவசம் முடிந்த ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் திங்கட்கிழமை வீட்டுக்கு ஜேசிபி வரச் சொல்லியிருந்தேன். மாமரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு அங்கே கார் ஷெட் போடுவதாகத் திட்டம். அம்மா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆவணி ஞாயிறு நாகராஜாவுக்கு விசேஷம். காலை ஆறு மணிக்கே நல்ல கூட்டம். பால் பாக்கெட்டும் மஞ்சள் பொடியும் வாங்கிக்கொண்டு முதலில் அரசமரத்தடிக்குத்தான் போனோம். அங்கே மரத்தைச் சுற்றி வரிசை வரிசையாக நாகர் சிலைகள். மஞ்சளும் பாலும் வழிந்து வழிந்து கல்லின் நிறமே மாறிவிட்டது. படம் எடுத்த ஒரு சிறிய நாகரின் மேல் அம்மா மஞ்சளைத் தூவிப் பாலை ஊற்றினாள். பால் மெல்ல இறங்கி, கல்லுக்கும் மரத்தின் வேருக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய்ச் சேர்ந்தது. எறும்புகள் அதற்குள் வரிசை போட்டுவிட்டன. காற்றே இல்லை. ஆனாலும் தலைக்கு மேல் இலைகள் சலசலத்தன. அரச இலைக்குக் காம்பு நீளம், அதனால் நமக்குத் தெரியாத காற்றுக்கும் அது ஆடும். காரணம் தெரிந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாரோ பக்கத்தில் இருந்து ஜெபிப்பது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

“மூலதோ பிரம்ம ரூபாய, மத்யதோ விஷ்ணு ரூபிணே, அக்ரத: சிவ ரூபாய” என்று அரசமரத்தைச் சுற்றும்போது சொல்லும் சுலோகம் உண்டு. அடியில் பிரம்மா, நடுவில் விஷ்ணு, நுனியில் சிவன். அம்மாவுக்கு அது முழுதாகத் தெரியாது. ‘மூலதோ, மூலதோ’ என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள். ‘அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்’ என்று கேலியாக ஒரு பழமொழி சொல்வார்களே, எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. மனசு நொந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்று பலர் சொல்கிறார்கள். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் விடாது. இந்த மாதிரிச் செய்தியை வைத்து மரத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை, உள்ள பெருமையே போதும். ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கின் பட்டையையும் சேர்த்து நால்பாமரப் பட்டை என்பார்கள். அதைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில்தான் பிள்ளை பெற்றவளையும் சொறி சிரங்கு வந்த குழந்தையையும் எங்கள் ஊரில் குளிப்பாட்டுவார்கள். இந்தக் கோயிலின் கதையிலும் தோல் நோய் வருகிறது. களக்காட்டில் இருந்து ஆண்ட அரசர் ஒருவர் இங்கே வந்து கும்பிட்டு, தோல் நோய் நீங்கப் பெற்றார் என்று சொல்கிறார்கள்.

கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். புல் அறுத்த பெண்ணின் அரிவாள் பட்டு நாகர் தலையில் ரத்தம் வந்ததும், ஊரார் ஓடி வந்து ஓலையால் குடிசை கட்டியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எத்தனை அரசர்கள் வந்து போனாலும் அந்த ஓலையை மட்டும் மாற்றவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். பிரசாதம் கருவறை மண். ஆடி முதல் மார்கழி வரை கறுப்பாகவும் தை முதல் ஆனி வரை வெளுப்பாகவும் இருக்கும் என்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது கறுத்த மண், ஈரம் காயாதது. அம்மா ஒரு துளி எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்து அரசமரத்து மேடையோரம் உட்கார்ந்தோம். மட்டிப் பழம் உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றாள். மிச்சம் கையில் இருக்கும்போதே கண் சொக்கிவிட்டது. மேடையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அப்படி ஒரு தூக்கம். சுற்றிலும் ஜனம், மணிச்சத்தம், குழந்தைகளின் அழுகை. ஒரு அரச இலை அவள் மடியில் விழுந்தது, அப்போதும் விழிக்கவில்லை. நான் பழத்தை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். முக்கால் மணி நேரம். மாத்திரை இல்லாமல் அம்மா தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதை நான் நாகராஜாவின் கருணை என்றுதான் சொல்வேன். மரத்தடிக் குளிர்ச்சி என்று நீங்கள் சொன்னாலும் எனக்குச் சம்மதம். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அங்கிருந்து சுசீந்திரம். பழையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஏழு நிலைக் கோபுரம் தெரிந்தது. அம்மா காரிலேயே கும்பிட்டாள். தாணுமாலயன் என்ற பெயரில் தாணு சிவன், மால் விஷ்ணு, அயன் பிரம்மா. அத்திரி முனிவரின் ஆசிரமத்தில் அனுசூயாவிடம் மூவரும் பிச்சை கேட்டு வந்து குழந்தைகளான ஞானாரண்யம் இது. பதினெட்டடி ஆஞ்சநேயரையும் இசைத் தூண்களையும் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் கூடுகிறார்கள். நான் எப்போது போனாலும் எனக்குக் கொன்றையடிதான் முக்கியம்.

தலவிருட்சமான கொன்றையின் பழைய அடிமரம் அங்கே இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது என்பது நம்பிக்கை. சித்திரை விஷுவுக்கு நாம் கனி காண வைக்கும் அந்த மஞ்சள் கொத்தெல்லாம் இதில் தேட முடியாது. உள்ளே பொள்ளலாகிப்போன அடிமரம். அதற்குத்தான் விளக்கும் பூவும். இத்தனை பெரிய கோயிலுக்கு ஆதி இந்த மரத்தடி. கல்லும் கோபுரமும் பிறகு வந்தவை. வடமொழியில் ‘ஸ்தாணு’ என்றால் அசையாமல் நிற்பது, இலையும் கிளையும் போன பிறகு நிற்கிற அடிமரம் என்றும் பொருள் உண்டு. நம் தாணுவின் பெயரே அதுதான். அன்றைக்கு அங்கே நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அம்மாவிடம் சொன்னேன். எதுவும் பேசாமல் கேட்டாள். “இலை இல்லாத மரத்துக்கா மக்ளே இவ்வளவு பூ?” என்று மட்டும் கேட்டாள். பிறகு தலையில் வைத்திருந்த தோவாளைப் பிச்சிப்பூவில் பாதியைக் கிள்ளி எடுத்தவள், தலையில் சூடினதைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்று நினைவு வந்து மறுபடி கூந்தலில் சொருகிக்கொண்டாள். வெறுங்கையைக் கூப்பி வெகுநேரம் நின்றாள்.

மத்தியானம் மருந்துவாழ் மலை அடிவாரம் வரை போனோம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது விழுந்த துண்டு, நாராயண குரு தவம் இருந்த மலை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறவில்லை. பொற்றையடியில் காரை நிறுத்தி, மூலிகை மேல் பட்டு வரும் காற்று என்று சொல்லி, கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினோம்.

எங்கள் ஊர்ப் பேச்சில் மரத்தின் அடிக்கு ‘மூடு’ என்று பெயர். முளகுமூடு, ஆலமூடு என்று ஊர்களே இருக்கின்றன. மரத்தை எண்ணுவதும் ‘மூடு’ கணக்கில்தான், நாலு மூடு தென்னை, இரண்டு மூடு பிலா என்று. வீட்டுக்கு வந்து இறங்கியதும் அம்மா நேரே தெற்கு முற்றத்துக்குப் போனாள். வெட்டின மாமூட்டின் மேல் சருகும் மண்ணும் கிடந்தன. முந்தானையால் தட்டிவிட்டாள். வெட்டுவாயில் வளையங்கள் தெரிந்தன, நடுவில் கறுத்த ஒரு கீறல்.

“நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லிரு மக்ளே,” என்றாள்.

ஜேசிபிக்காரருக்கு அங்கே நின்றே போன் செய்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அம்மா உள்ளே போய் அகல் விளக்கும் எண்ணெயும் எடுத்து வந்தாள்.