கான்ஸ்ட்ருக்ட்சியோன்னா கட்டடம் இல்ல

ஜெர்மனி வந்த புதுசுல காலேஜ்ல என் ரூம் கதவுல "கான்ஸ்ட்ருக்ட்சியோன்"னு போட்டிருந்தத பாத்துட்டு என் மனைவி, நீங்க மெக்கானிக்கல்தானே, எதுக்கு கட்டடம் கட்டுற டிபார்ட்மென்ட்னு கேட்டா. மெஷின் டிசைனுக்கு இங்க அதான் பேரு.

பேர விட பாடம்தான் எனக்கு புதுசு. அதுவரைக்கும் நான் படிச்சதும் பத்து வருஷம் சொல்லிக்கொடுத்ததும் எல்லாமே கணக்கு, ஷாஃப்ட் விட்டம் கண்டுபிடி, கியருக்கு எத்தன பல்லுன்னு பாரு, பேரிங் எவ்வளவு நாள் தாங்கும்னு போடு, ஆனா அந்த ஷாஃப்ட் அங்க எதுக்குன்னு யாரும் கேட்டதில்ல. இங்க அந்தக் கேள்விலதான் ஆரம்பிக்கிறாங்க. டார்ம்ஸ்டாட்ல ப்ரொஃபசரா இருந்த கெர்ஹார்ட் பால், பெர்லின்ல இருந்த வொல்ஃப்காங் பைட்ஸ், இவங்க ரெண்டு பேரும் 1977ல போட்ட டிசைன் புஸ்தகத்துல முதல் வேலையே தேவைப் பட்டியல்தான். கண்டிப்பா வேணும்னா பக்கத்துல எஃப்னு ஒரு எழுத்து, இருந்தா நல்லாருக்கும்னா வே, அதாவது ஜெர்மன்ல டபிள்யூ. இவ்வளவுதான், ஆனா இத ஒழுங்கா பண்றது லேசுல வராது.

முதல் செமஸ்டர் ப்ராஜெக்ட், படுத்த படுக்கையா இருக்கிறவங்கள தூக்கி வீல்சேர்ல உக்கார வைக்கிற கருவி. நான் போர்டுல "ஹைட்ராலிக் சிலிண்டர்"னு எழுதி எஃப் போட்டேன். முன் வரிசைல ஒரு பொண்ணு கைய தூக்கி, ஹெர் ப்ரொஃபசர், இது தேவை இல்லையே, விடைதானேன்னா. அப்ப எனக்கு இருந்த ஜெர்மன்ல அது புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு, புரிஞ்சதும் அழிச்சிட்டேன். "ஒரே ஆள் தூக்க முடியணும்", "படுத்திருக்கிறவங்களுக்கு குலுங்கக் கூடாது"ன்னு எழுதினோம், உடனே திருகு, கப்பி, காத்துப் பைனு ஏழெட்டு வழி வந்து விழுந்துச்சு.

என் ஆராய்ச்சியும் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போயிருச்சு, ஒரு விடைய முன்னாடியே பாத்துட்டா ஏன் அதுலயே மாட்டிக்கிறோம்னு. ஜான்சன், ஸ்மித்னு ரெண்டு பேர் 1991ல ஒரு கட்டுரை போட்டாங்க, சிந்தாத காஃபி கப் ஒண்ணு டிசைன் பண்ணுங்க, ஸ்ட்ரா மட்டும் வேணாம்னு சொல்லி, ஸ்ட்ரா வச்ச மாதிரிப் படத்தையே சிலருக்கு காட்டினாங்க, பாத்தவங்கள்ல நிறைய பேர் திரும்ப ஸ்ட்ராவே வரைஞ்சாங்க. அதனால பழைய பேட்ச் மாடல் எதையும் நான் இப்ப மொத வாரத்துல கண்ல காட்டுறதே இல்ல.

செமஸ்டர் கடைசி கிளாஸ்ல எல்லாரும் விரல் முட்டியால டெஸ்க்க தட்டினாங்க, இங்க கைதட்டல் அதான். அந்தப் பொண்ணு குடுத்த தேவைப் பட்டியல இன்னும் வச்சிருக்கேன். நான் எழுதின "குலுங்கக் கூடாது"க்கு பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்வி: எவ்வளவு குலுங்கினா பரவால்ல, நம்பர் எங்க?